பதினோரு ஏக்கர், தெற்கு மூலை

ஆர்லன் ஸ்டென்ஸ்ருட் முதல்முறை அழைத்தது டிசம்பரில்,
கூரையிலிருந்து பனி சரிந்துகொண்டிருந்தபோது.
"பூ வேண்டும். சாலையிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும்.
ஜூலைக்குள்."
எந்த ஜூலை என்று நான் கேட்கவில்லை.
எழுதிக்கொண்டேன்:
வடக்கு அயோவா, பதினோரு ஏக்கர்,
நாற்பது ஆண்டு மக்காச்சோளம்,
அதற்கு முன் தண்ணீர்.

எங்கள் கிடங்கில் ஒவ்வொரு விதைக்கும் சீட்டு உண்டு,
எந்த மேட்டில், எந்தச் செப்டம்பரில் உருவியது என்று.
சாக்கில் இருப்பதெல்லாம் விதையல்ல.
உமி, காம்பு, செத்தது, பாசாங்கு செய்வது, எல்லாம் கழித்து
முளைக்கக்கூடியதற்கு மட்டும் விலை போடுகிறோம்.
இதை என் முன்னாள் கணவனுக்கு விளக்கியபோது
தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தான்.

ஜனவரியில் மறுபடி அழைத்தார்.
"தெற்கு மூலையில் வடிகுழாய் உடைந்துவிட்டது.
போன ஜூன்வரை தண்ணீர் நின்றது.
டிராக்டர் அச்சுவரை இறங்கியது."
உடைந்ததா, உடைத்தீர்களா?
மறுமுனையில் காபி உறிஞ்சும் சத்தம்.
"எழுதிக்கொள்," என்றார். "உடைந்தது."

அன்றிரவே கலவையை மாற்றினேன்.
உயரப் புல்லில் பாதியைக் குறைத்தேன்;
மலிவு, முளைப்பது நிச்சயம்,
ஆனால் மூன்றாம் ஆண்டில் பக்கத்தில் நிற்பதன் வெயிலை
கேட்காமல் குடித்துவிடும்.
அவர் ஆசைப்பட்ட கலிஃபோர்னியா பாப்பியை அடித்தேன்.
ஈரநில எருக்கு, சதுர அடிக்கு இரண்டு விதை.
பிறகு குத்துக்கோரை.
விலையைச் சொன்னதும்
"ஒரு கன்றுக்குட்டி வாங்கலாமே" என்றார்.
நெடுநேரம் கழித்து, "சரி, போடு."

குழல்கோரையை மூச்சடக்கித்தான் நிறுக்க வேண்டும்.
ஓர் அவுன்ஸில் பத்து லட்சம்.
தும்மினால் ஒரு குளம் போய்விடும்.
டெல்லா ஒருமுறை தும்மினாள்.
கிடங்குக்குப் பின்னால் குழாய் சொட்டும் இடத்தில்
அந்தத் தும்மல் இன்னும் பச்சையாக நிற்கிறது.

பிப்ரவரிக் கடைசியில், மரத்தூளோடு பிசறி,
பனிமேல் கையால் வீசினார்.
அங்கே பனிதான் பட்டம்.
பகலில் இளகி, இரவில் இறுகி,
மண் தானே வாய்திறந்து உள்ளிழுத்துக்கொள்ளும்.

அடுத்த அழைப்பில் வணக்கம் இல்லை.
"களை. பதினோரு ஏக்கரும் களை.
வெர்லின் குப்கா வண்டியை நிறுத்தி
உனக்கு விற்றவளை எனக்கும் காட்டு என்று
சிரித்துவிட்டுப் போகிறான்."

ஞாயிறன்று போனேன்.
நரிவால் புல் இடுப்பளவு.
விலக்கி, முட்டிபோட்டு,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேடினேன்.
அரை மணி. கொசு.
பிறகு, ஈர மண்ணில், சட்டைப் பொத்தானுக்குள் அடங்குகிற
இரண்டு இலை.
"இதுவா?"
"இதுதான்."
"இதுவா என் கன்றுக்குட்டி?"
"இல்லை, இது எருக்கு. கன்றுக்குட்டி இன்னும் வரவில்லை."

ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், களை பூக்கக் கூடாது என்றேன்.
இரண்டு கோடை வெட்டினார்,
ஒவ்வொரு முறையும் என்னைத் திட்டிக்கொண்டு,
அந்த இரண்டு இலையைச் சுற்றி வளைந்துபோய்.

இது ஐந்தாம் ஆண்டு.
சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிறது.
வெர்லின் இப்போது வண்டியை நிறுத்துவதில்லை,
மெதுவாக ஓட்டுகிறான்.
குத்துக்கோரையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.
தெற்கு மூலையில், நீர் நடுவே, மூன்று திட்டு இருக்கின்றன.
அதுவாக இருக்கலாம். வேறு கோரையாகவும் இருக்கலாம்.
காய்க்காமல் சொல்ல முடியாது.

அவற்றுக்கு அப்பால்
அம்புமுனை இலை, மூன்றே இதழ், வெள்ளை,
முழங்கால் தண்ணீரில் ஒரு கூட்டம்.
ரசீதை எடுத்து வரிவரியாகத் தேடினோம்.
நாங்கள் விற்கவில்லை.
வாத்துக் காலில் ஒட்டி வந்தது என்கிறாள் டெல்லா.
நாற்பது ஆண்டு சோளத்தின் அடியில்
படுத்துக் கிடந்தது என்கிறேன் நான்.
அந்தக் குழாய் உடைந்த நாளில்
சேற்றில் கைவிட்டவரைக் கேட்டால் தெரியும்.
ஆர்லன் காபியை உறிஞ்சுகிறார்.